பதினொன்றே காலுக்குக் கிள்ளான் ஸ்டேஷன்

என் வீட்டுக்காரருக்கு ரயில் பைத்தியம். அவர் அப்பாவோ தாத்தாவோ ரயில்வேயில் வேலை பார்த்திருந்தால், சரி, ரத்தத்தில் வந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் அப்பா தையல்காரர். இவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை நில அலுவலகத்தில் கிளார்க். உங்களைப் போலச் செந்தூலில் ரயில் சத்தத்தில் வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் எல்லாம் சும்மாதானே இருக்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன கேடு என்று கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். சிரிப்பார். அவர் சிரித்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடி. கீழே பேப்பர், பேனா விற்கிற கடை. அந்தக் கடைக்காரருக்கும் இதே பைத்தியம் என்பதால் மாடியை அப்படியே இவருக்கும் இவர் கூட்டாளிகளுக்கும் விட்டுவிட்டார். இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, கோலாலம்பூரில் இருந்து கிள்ளான் வரைக்கும் உள்ள பாதையைச் சின்னதாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு கொட்டகை, ஒரு பிளாட்பாரம், நகத்தளவுக்கு ஆட்கள். சனிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் ஐந்தாறு பேர் அங்கே கூடுவார்கள். எல்லாரும் பேரன் பேத்தி எடுக்கிற வயசு.

அவர்கள் ரயிலை ஓட்டி வேடிக்கை பார்ப்பார்கள் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, முக்கால்வாசி நேரம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரோ இருவரோ ரயிலை ஓட்டுவார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு ஸ்டேஷனில் தாளும் பென்சிலும் ஒரு பழைய போனுமாக உட்காருவார்கள். ரயில் வந்தால் அதன் நம்பர், வந்த நேரம், கிளம்பிய நேரம் மூன்றையும் எழுத வேண்டும். எழுதிய கையோடு போனை எடுத்துக் கண்ட்ரோலரிடம் சொல்ல வேண்டும். கண்ட்ரோலர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ரயிலை அவர் கண்ணால் பார்க்கவே கூடாது. ஸ்டேஷன்காரர்கள் சொல்வதைப் பெரிய தாளில் எழுதி, அதை வைத்தே அடுத்த ரயிலை விடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு உள்ளே வராமல் ரயில் வந்துவிட்டது என்று எழுதினால் அன்றைக்கு அந்த ஆள் தொலைந்தார், ஒரு மணி நேரம் திட்டு விழும்.

பூச்சோங்கிற்கு வீடு மாறிப்போன ஒருத்தருக்குப் பதிலாக நானும் ஒரு வருடம் ஷா ஆலம் ஸ்டேஷனில் உட்கார்ந்தேன். ஆள் கிடைக்கிற வரைக்கும், இரண்டே வாரம் என்று கெஞ்சி என் வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு போனார். பொம்மை ரயிலுக்குக் கணக்கப்பிள்ளை வேலை என்று வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டே போனேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்துவிட்டது. அதை அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அறையில் யாருக்கும் பெயர் கிடையாது, ஸ்டேஷன் பெயர்தான். "ஷா ஆலம், லேட்டா சொல்றீங்க" என்று கண்ட்ரோலர் போனில் அதட்டுவார். "ஷா ஆலம் மைலோ குடிக்குது, கொஞ்சம் பொறுங்க" என்பேன். என் வீட்டுக்காரர் எப்போதும் கிள்ளான். அந்தக் கண்ட்ரோலர் அவருடைய பள்ளிக்கூட நண்பர். பங்சாரில் ஒரு வக்கீல் ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

அங்கே ஓடியது நம்முடைய நேரம் இல்லை. கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவர்களுடைய பாதையை ஐந்தாறு எட்டில் நடந்து முடித்துவிடலாம். அதனால் நம் பத்து நிமிடத்தை ஒரு மணி நேரமாகக் காட்டுகிற கடிகாரம் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் அதில் விடியற்காலை ஐந்து. வீட்டுக்குக் கிளம்புவதற்குள் அங்கே ஒருநாள் ஓடி முடிந்திருக்கும். இரண்டு நேரமும் கண்ணில் பட்டால் எழுதுகிறவன் குழம்புவான் என்று என் வீட்டுக்காரர் ஒரு விதி போட்டார். மாடி ஏறியதும் கைக்கடிகாரம், போன் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்து மணியைக் கணக்குப் போடுகிறார்கள் என்று ஜன்னலுக்கும் கறுப்புத் தாள் ஒட்டினார். நண்பருக்கு மட்டும் அது பிடிக்கவில்லை, அவசரத்துக்கு ஒரு போனாவது வெளியே இருக்கட்டும் என்றார். இவர் கேட்கவில்லை. வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் மூன்று நாள் ஆகும், இதில் மட்டும் அவ்வளவு கறார்.

அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. நான் விலகி ரொம்ப நாள் ஆகியிருந்தது. காலையில் பாசாரில் நான் வாங்கிவந்த மீன் நாறுகிறது என்று அவர் ஆரம்பித்து, பகல் சோறு வரைக்கும் எங்களுக்குள் சண்டை. அதே கோபத்தோடு கிள்ளானில் இருக்கிற என் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். போகிற வழியில் மனசு கேட்காமல் அவருக்குப் போன் போட்டேன். "மீன் மிச்சம் இருக்கு, எடுத்து உள்ள வைக்கலயா?" "வச்சாச்சு லா. நீ சாப்பிட்டியா?" அவ்வளவுதான் பேசினோம். அப்போது மணி இரண்டாக இருபது நிமிடம் இருந்தது. அவர் முழுசாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

மூன்று மணி வாக்கில் அங்கே நடந்ததை மற்றவர்கள் பிறகு சொன்னார்கள். ஒரு சரக்கு ரயில் கிள்ளானுக்கு வந்து சேர்ந்ததை என் வீட்டுக்காரர் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ரயிலுக்கு அவர் பேசியது நண்பருக்கு விளங்கவில்லை. வாயில் எதையோ மென்றுகொண்டு பேசுகிறார் என்று நினைத்து, "கிள்ளான், முழுங்கிட்டுப் பேசு" என்று நண்பர் அதட்டியிருக்கிறார். அந்தப் பக்கம் பதில் இல்லை. பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். வலது கையிலிருந்து பென்சில் விழுந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்து, நாற்காலியில் சரிந்திருந்தார். மயக்கம் என்று படுக்கவைத்து, சீனித் தண்ணி கொடுத்து, விசிறி, அதில் கொஞ்ச நேரம் போயிருக்கிறது. பெரிய பெரிய ஆம்பிளைகள் அத்தனை பேர் இருந்து சீனித் தண்ணி கொடுத்தார்கள்.

கடைக்காரர் தன் காடியை ஓட்ட, நண்பர் இவரைப் பின்சீட்டில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மழை, ஜாம். வழியில் எனக்குப் போன் வந்தது. அக்கா வீட்டில் கைகழுவக்கூட நிற்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். காடி எடுத்தால் ஜாமில் மாட்டுவேன் என்று கொமுட்டரில் ஏறினேன். அது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று வந்தது. ஷா ஆலமில் கதவு திறந்து மூடுகிற நேரத்தில் எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அவசரப் பிரிவில் நான் நுழையும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. அவரைச் சுவர் ஓரமாக ஒரு தள்ளுகட்டிலில் போட்டிருந்தார்கள். யாரும் அவர் பக்கத்தில் இல்லை. காலில் அடிபட்ட ஒரு பையனைச் சுற்றி நான்கு பேர் நிற்கிறார்கள், இவரைப் பார்க்க ஆளில்லை. நண்பர் மட்டும் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார், கையில் மடித்த தாள். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம்தான் வந்தது.

ஒரு டாக்டரைப் பிடித்து நிறுத்தினேன். சின்னப் பெண், மலாய்க்காரப் பெண், பாவம், பொறுமையாகத்தான் பேசினாள். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு மாதிரி தெரிகிறது. அதைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குப் பிறகு போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போய்விடலாம். "அங்கிள் இங்க வந்தப்பவே நேரம் தாண்டிடுச்சு, ஆன்டி. பதினொன்றே காலுக்கே ஆரம்பிச்சிருக்கு."

"யார் சொன்னா?"

நண்பரைக் கை காட்டினாள். கடைசியாக அவர் நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு, சரியான நேரம் வேண்டும் என்று வந்ததுமே கேட்டிருக்கிறார்கள். அந்த மனுஷனுக்குச் சரியான நேரம் கையிலேயே இருந்தது. இத்தனை வருடமும் அதைத்தானே எழுதினார். சட்டைப்பையில் சொருகிக்கொண்டு வந்த தாளை விரித்துப் பார்த்து, பதினொன்று பதினாலுக்கு ஒழுங்காகப் பேசினான், அதற்கப்புறம் பேச்சு குழறியது என்று படித்துக் காட்டியிருக்கிறார். நிமிடம் முதற்கொண்டு சொல்கிறாரே என்று அவர்களும் எழுதிக்கொண்டார்கள். எழுதி, இனி அவசரம் இல்லை என்று சுவர் ஓரம் தள்ளிவிட்டார்கள்.

எனக்கு ஒரு நொடி ஒன்றும் விளங்கவில்லை. பதினொன்றே காலுக்கு இவர் என் சமையலறையில் நின்று மீன் நாறுகிறது என்று கத்திக்கொண்டிருந்தார். நண்பரின் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த ஆஸ்பத்திரிக் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் என்னவென்று சொல்வது. "ஐயோ தங்கச்சி" என்றார்.

டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். அது நிஜ நேரம் இல்லை, பொம்மை ரயில் நேரம், எங்கள் ஒரு மணி நேரத்தில் அங்கே ஆறு மணி நேரம் ஓடும் என்றேன். எனக்கு வாய்த்த இங்கிலீஷில் பாதி, மலாயில் பாதி. அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதிர்ச்சியில் புத்தி பேதலித்துப் பேசுகிறாள் என்று நினைத்தாள். நண்பர் இடையில் புகுந்து இரண்டு மணிக்கு ஐந்து, மூன்று மணிக்குப் பதினொன்று என்று விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். அது இன்னும் மோசமாகப் போனது. "இப்ப எந்த நேரத்தை நான் நம்புறது, ஆன்டி? தப்பா போட்டா அங்கிள் செத்துடுவார்" என்றாள். அவள் கேட்டது நியாயம். ஆனால் நியாயம் பார்க்கிற நிலையில் நான் இல்லை. கத்தினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை. காவலுக்கு இருந்தவர் வந்து என் தோளில் கை வைத்தார்.

அப்போதுதான் என் போன் ஞாபகம் வந்தது. மத்தியானம் நான் அவரைக் கூப்பிட்ட நேரம் அதில் இருந்தது. அதை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, இந்த நேரத்துக்கு என் புருஷன் நல்லாப் பேசினார், இது நிஜப் போன், இது நிஜ நேரம் என்றேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு ஓடினாள். பெரிய டாக்டர் வந்தார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். நண்பருடைய கணக்கை அவர்கள் கடைசிவரை ஏற்கவில்லை, என் போனில் இருந்த நேரத்திலிருந்துதான் எண்ணினார்கள். ஆறு மணி ஆவதற்குச் சற்று முன்னால் ஊசி போட்டார்கள்.

உயிர் தங்கியது. பேச்சு போய்விட்டது. வலது கையும் போய்விட்டது, கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு மீந்தது. நாம் பேசுவது எல்லாம் விளங்கும், அறிவில் ஒரு குறையும் இல்லை, வெளியே கொண்டுவர மட்டும் வழி இல்லை. நான்கு மணிக்கே ஊசி போட்டிருந்தால் என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். முன்னாலே போட்டால் நல்லதுதான், ஆனால் இவருக்கு எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். அது ஆறுதலாக இல்லை. ஒன்றுமே வித்தியாசம் இருந்திருக்காது என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டு விட்டிருப்பேன். எல்லாம் போனது அதனால்தான் என்று சொல்லியிருந்தால் அந்த ஆளை ஒரேயடியாக வெறுத்திருப்பேன். இரண்டும் இல்லாமல் இப்படி நடுவில் தொங்கவிட்டால் மனுஷி என்ன செய்வாள்.

நண்பரை வீட்டுப் படி ஏற விடவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வாசலில் பழம் வைத்துவிட்டுப் போவார், அதை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். என் வீட்டுக்காரரிடம் நான் நேர விஷயத்தைச் சொல்லவே இல்லை. அன்றைக்கு அந்தச் சத்தத்துக்குள் அவருக்கு எது காதில் விழுந்தது, எது விழவில்லை என்று எனக்குத் தெரியாது. விழவில்லை என்றுதான் நினைத்தேன். லேட் ஆயிடுச்சு, ஜாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். வேறு ஒன்றும் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று முடிவு செய்தேன், ஏனென்றால் அவர் கையைச் சரிசெய்கிற வேலையில் இறங்கியிருந்தார்.

அந்த வேலையைச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வருகிற பெண் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்திருந்தாள். உள்ளங்கையில் வைத்து விரலை மூடு என்பதுதான் பாடம். காலையில் பசியாறியதும் ஆரம்பிப்பார். நெற்றி நரம்பு புடைக்கும். வேர்த்துக் கொட்டும். போதும் என்றால் இடது கையால் என்னைத் தள்ளிவிடுவார். கறார் மனுஷன் அல்லவா, கையோடும் அதே கறார். முதலில் ஒன்றும் அசையவில்லை. பிறகு கட்டை விரல் லேசாகத் துடித்தது. பிறகு ஒருநாள் நான்கு விரலும் வளைந்து பந்தைத் தொட்டன, பந்து கையில் நின்றது. அந்தப் பெண் கை தட்டினாள். நான் சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இந்த வேகத்தில் போனால் வருஷம் திரும்புவதற்குள் கரண்டி பிடிப்பார் என்றாள் அவள்.

சனிக்கிழமை வந்தால் மட்டும் கெட்டுப்போகும். மதியத்துக்கு மேல் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் வருவார்கள், அவர்களைத் தாண்டிப் பின்னால் பார்ப்பார். நண்பன் ஏன் வரவில்லை என்று கேட்க வாய் இல்லை. வேலை அதிகமாம் என்று நான் பொய் சொல்வேன். ஆபத்தில் கைவிட்டுவிட்டான் என்று இவர் நினைத்துவிட்டார் என்பது அந்த முகத்திலேயே தெரியும். பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் நானே போன் போட்டேன். "வாங்க. ஆனா அந்த டைம் விஷயத்த மட்டும் வாய் திறக்கக் கூடாது. உங்களுக்கு இருக்கிறது உங்களோட இருக்கட்டும்." சத்தியமாகச் சொல்ல மாட்டேன் தங்கச்சி என்று அழுதார்.

இரண்டு மூன்று சனிக்கிழமை நன்றாகத்தான் போனது. வந்து பக்கத்தில் உட்காருவார், பேப்பர் படித்துக் காட்டுவார், நகம் வெட்டிவிடுவார். என் வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. நானும் கொஞ்சம் இளகினேன். வயசான காலத்தில் இரண்டு பேரும் இப்படியாவது இருக்கட்டும் என்று தோன்றியது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்துவிட்டு நிற்கிறேன், உள்ளே விசும்பல் சத்தம். ஓடினேன். இந்த ஆள் கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அவருடைய செத்த கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தாளைப் பார்த்துச் சொன்னேன்டா, நம்ம கடிகாரத்து நேரத்தச் சொல்லிட்டேன்டா, உன்ன ஓரமாப் போட்டுட்டாங்கடா. என் வீட்டுக்காரர் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கதவில் நின்றேன். எழுந்து போ என்று கை காட்டுவார், இடது கையாலாவது ஒரு அறை விடுவார் என்று எதிர்பார்த்தேன். விடட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

அவர் இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் அடித்தார். மறுபடியும் அடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, அடிப்பதை நிறுத்தவில்லை. நண்பர் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "மனசுல ஒண்ணும் வச்சுக்கலன்னு சொல்றான் தங்கச்சி" என்றார் என்னிடம். கூட இருந்து குப்பை கொட்டுகிற எனக்குத் தெரியாதா அவர் என்ன சொன்னார் என்று. கைக்கடிகாரத்தையும் போனையும் ஒளிக்கச் சொன்னது இவர். நண்பன் வேண்டாம் என்றும் கேட்காதவர் இவர். நான் செய்தது, நானே செய்துகொண்டது என்று அடித்துக்கொண்டார்.

நண்பர் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "இப்பத்தான் மனசு லேசாச்சு. இன்னைக்காவது தூங்குவேன்" என்றார். சத்தியத்தை மீறியதற்காவது நான்கு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர் இறக்கிவைத்ததைத் தூக்கிக்கொண்டவர் உள்ளே படுத்திருந்தார்.

அடுத்த நாள் காலை பசியாறியதும் பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சோர்வு, ஒருநாள் ஓய்வெடுக்கட்டும் என்று விட்டேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. பயிற்சிப் பெண் கெஞ்சினாள், மிரட்டினாள், இப்போது விட்டால் விரல் இறுகிவிடும் அங்கிள் என்றாள். "உங்க மேல ஒரு தப்பும் இல்லங்க" என்று நானும் சொல்லிப் பார்த்தேன், அவர் காலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் இப்போது வருவதில்லை.

நண்பர் மட்டும் ஒரு சனிக்கிழமை தவறாமல் வருகிறார். முகத்தில் பழைய களை வந்துவிட்டது. பேப்பர் படிக்கிறார், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். அவர் இருக்கிறவரை என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறார், தலையாட்டுகிறார். போன பிறகு படுத்தால் மறுநாள் வரை எழுவதில்லை. நான் தினமும் அந்தப் பந்தை அவர் உள்ளங்கையில் வைத்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கிவிடுகிறேன். என் கையை எடுத்ததும் பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. முழங்கால் வலிக்க வலிக்கக் குனிந்து எடுத்துக்கொண்டு வந்து மறுபடியும் வைக்கிறேன்.